பாங்காக் கொஞ்சம், கடல் கொஞ்சம்: தாய்லாந்தில் இரண்டு வாரம் திட்டமிடுவது எப்படி?

முதல்முறை தாய்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் பாங்காக் டிக்கெட்டைப் போட்டு, ஓட்டலையும் பிடித்துவிட்டு, அப்புறம்தான் "பக்கத்தில் நல்ல பீச் எது?" என்று தேட ஆரம்பிக்கிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பாங்காக்கை எந்த மாதமும் பார்க்கலாம். மழை பெய்தாலும் ரயில் ஓடும், கோயில் திறந்திருக்கும், கடைத்தெரு நடக்கும். கடல் அப்படியில்லை. தவறான மாதத்தில் தவறான கரைக்குப் போனால், காசு கொடுத்து எடுத்த அறையின் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் கடலை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதை ஒட்டி வரும்.

எந்த மாதம், எந்தக் கரை

தெற்குத் தாய்லாந்து ஒரு ஒல்லியான தீபகற்பம். அதன் மேற்கே அந்தமான் கடல்: புக்கெட், கிராபி, பீ பீ, கோ லந்தா (கோ என்றால் தீவு) எல்லாம் இந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா: கோ சமுய், கோ பங்ஙான், கோ தாவ். இரண்டு பக்கத்துக்கும் மழைக்காலம் வேறு வேறு. தென்மேற்குப் பருவமழையில் கேரளம் நனையும்போது சென்னை காய்வதும், ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் கொட்டுவதும் நமக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே கணக்குத்தான் அங்கேயும். மே முதல் அக்டோபர் வரை அந்தமான் பக்கம் மழை, முரட்டு அலை. வளைகுடாப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நவம்பர்தான் உச்சம்.

இதை நம் விடுமுறைகளோடு பொருத்திப் பாருங்கள். அரையாண்டு விடுமுறை என்றால் சந்தேகமே வேண்டாம், அந்தமான் பக்கம்தான். கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் காலம் அது. ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அறை வாடகை எகிறிவிடும். பொங்கலை ஒட்டிப் போனால் அந்தமான் பக்கம் அருமையாக இருக்கும், வளைகுடாப் பக்கமும் தெளிய ஆரம்பித்திருக்கும். மே மாதக் கோடை விடுமுறைக்கு வளைகுடா. தீபாவளி அக்டோபரில் வந்தால் இரண்டு பக்கமுமே கொஞ்சம் சூதாட்டம். நவம்பர் நடுவில் வந்தால் தயங்காமல் கிராபி போகலாம்.

ஏப்ரல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான். நாடு முழுக்கத் தெருவில் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள். பார்க்க வேண்டிய திருவிழா என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த நாட்களில் பாங்காக் மக்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவதால் ரயில், பஸ், விமானம் எதிலும் இடம் கிடைக்காது. அப்போது போவதானால் அந்த மூன்று நாளும் ஊர் மாறாமல் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி திட்டம் போடுங்கள்.

பட்டாயாவை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. பாங்காக்கிலிருந்து பக்கம் என்பது உண்மைதான், ஆனால் கையில் இரண்டு வாரம் இருக்கும்போது அந்தக் கடலோடு திருப்திப்பட வேண்டியதில்லை. வயதானவர்கள் கூட வருகிறார்கள், விமானம், நீண்ட படகுப் பயணம் எல்லாம் வேண்டாம் என்றால் கோ சமெத் போங்கள். பாங்காக்கிலிருந்து சாலை வழியே சுமார் 200 கிலோமீட்டர். பான் பே துறையிலிருந்து படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வெள்ளை மணல்.

நாட்களைப் பிரிப்பது

பதினான்கு நாள் என்றால் பதிமூன்று இரவு. என் பரிந்துரை இது: முதலில் பாங்காக்கில் 4 இரவு, பிறகு கடலோரத்தில் 8 இரவு, கடைசியில் மறுபடி பாங்காக்கில் 1 இரவு. கடலோர எட்டு இரவையும் இரண்டு இடங்களுக்கு மேல் பிரிக்காதீர்கள்.

இரண்டு இடம் போதும் என்று அடித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளில், பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்வீர்கள். வேன் வந்து மூன்று ஓட்டல்களில் ஆள் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போகும். அங்கே காத்திருப்பு, அப்புறம் படகு, இறங்கியதும் இன்னொரு வண்டி. புதிய அறைக்குள் நுழைந்து பெட்டியை வைக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு நாளைச் சாப்பிட்டுவிடும். எட்டு நாளில் நான்கு தீவு என்று போட்டால் பாதி விடுமுறை துறைமுகத்தில்தான் கழியும்.

கடைசி இரவு பாங்காக்கில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அன்றிரவே ஊருக்கு விமானம் என்றால் கதை கந்தல். ஒரு இரவு இடைவெளி இருந்தால் எதையும் சமாளிக்கலாம். போதாததற்கு, வாங்கவேண்டியதையெல்லாம் அந்தக் கடைசி நாளில் வாங்கினால் பையைத் தீவு தீவாகச் சுமக்க வேண்டாம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு ஒரு மாதிரித் திட்டம்: பாங்காக் 4, கிராபியின் ஆவோ நாங் அல்லது ராய்லே 3, கோ லந்தா 5, பாங்காக் 1. மே முதல் செப்டம்பர் வரை என்றால் பாங்காக் 4, சமுய் 4, பங்ஙான் அல்லது தாவ் 4, பாங்காக் 1.

காகிதம், காசு

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் மிச்சம் இருக்க வேண்டும். விசா விதி இந்தியருக்கு ஒன்று, இலங்கையருக்கு ஒன்று, மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஒன்று. அதுவும் அடிக்கடி மாறுகிறது. நண்பர் போன வருடம் எப்படிப் போனார் என்பதை நம்பாமல், டிக்கெட் போடும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். இது முற்றிலும் இலவசம். அதே தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. குடிவரவுத் துறையின் தளத்தை மட்டும் பயன்படுத்துங்கள். திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். குடிவரவு அதிகாரி கேட்டால் போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. யாராவது மின் சிகரெட் வைத்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். தாய்லாந்தில் அது சட்டவிரோதம்.

பணத்தை ஏடிஎம்மில் எடுத்தால், வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள வங்கி ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) மேல் கட்டணம் பிடிக்கும். நம் வங்கி எடுப்பது தனி. அதனால் சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். கொஞ்சம் டாலரோ பாட்டோ ரொக்கமாகக் கொண்டுபோங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி எடுக்கும் இடத்து வங்கிகளை விட, கீழே ரயில் நிலையத் தளத்தில் இருக்கும் பணமாற்றுக் கடைகளில் விலை நன்றாக இருக்கும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது கடல் விளையாட்டும் ஸ்கூட்டர் விபத்தும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். நம்மைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் தைரியம் வந்துவிடும். ஆனால் இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும்போது பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள், முன்பணம் கொடுங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் கண்முன்னே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் வரிசை

சர்வதேச டிக்கெட் முதலில். சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். அடுத்து, பாங்காக்கிலிருந்து கடலுக்குப் போகும் வழி. அதற்கப்புறம் கடலோர அறை. பாங்காக் அறை கடைசியில். அங்கே அறைக்குப் பஞ்சமே இல்லை.

பாங்காக்கில் இரண்டு விமான நிலையம் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். சுவர்ணபூமி ஊரின் கிழக்கே, டான் முவாங் வடக்கே. மலிவுக் கட்டண உள்நாட்டு விமானங்கள் பல டான் முவாங்கிலிருந்துதான் கிளம்பும். சுவர்ணபூமியில் இறங்கி அன்றே டான் முவாங்கில் ஏறுவதென்றால் நடுவில் பாங்காக் போக்குவரத்து நெரிசல் இருக்கிறது. முதல் நான்கு இரவை நகரத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

கிராபிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். சமுய்க்கும் விமானம் உண்டு, ஆனால் அந்தத் தீவின் விமான நிலையம் பாங்காக் ஏர்வேஸுக்குச் சொந்தம் என்பதால் கட்டணம் எப்போதும் கூடுதல். சூரத் தானி வரை விமானத்தில் போய், பஸ்ஸும் படகும் சேர்ந்த டிக்கெட்டில் டான் சாக் துறை வழியாகத் தீவுக்குப் போனால் மிச்சமாகும்.

எனக்குப் பிடித்தது இரவு ரயில். குருங் தெப் அபிவாட் என்ற புதிய பெரிய நிலையத்திலிருந்து சாயங்காலம் கிளம்பினால் விடிகாலை சூரத் தானி. இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கையில் கீழ்ப் படுக்கை அகலமாக இருக்கும், விலை கொஞ்சம் கூட. இருட்டியதும் பணியாளர் வந்து இரண்டு இருக்கையையும் இழுத்துச் சேர்த்து, மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பை மடிப்பில்லாமல் விரித்து, திரையைத் தொங்கவிட்டுப் போவார். ஒரு படுக்கைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். குழந்தைகள் கூட வந்தால் இதைப் பார்ப்பதற்காகவே ரயிலில் போகலாம். ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம். ஆனால் ஏசி குளிர் கடுமையானது, போர்வைக்கு மேல் ஒரு சட்டை வேண்டும். சூரத் தானி ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. அங்கிருந்தே துறைக்குப் பஸ் கிடைக்கும்.

பாங்காக் நான்கு நாள்

அறை எங்கே என்பதற்கு ஒரே விதி: மேம்பால ரயில் அல்லது மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். சிலோம், அசோக், சபான் தக்சின் மூன்றும் நல்ல இடங்கள். சபான் தக்சினில் ரயிலிலிருந்து இறங்கியதும் ஆற்றுப் படகுத்துறை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ரயிலில் வர பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரம். நள்ளிரவில் இறங்கினால் டாக்சி. மீட்டர் போடச் சொல்லுங்கள். விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும் சுங்கமும் தனியாகக் கேட்பார்கள், அது முறையானதுதான்.

பாங்காக்கின் பெரிய அரண்மனைக்குக் காலை எட்டரைக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டிவிடும். நுழைவுக் கட்டணம் 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். வாசலுக்குச் சற்று முன்னால் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று அன்பாகப் பேசுவார். கூடவே ஒரு டுக் டுக் (அந்த ஊர் ஆட்டோ) மிகக் குறைந்த விலைக்கு வரும். அது நேராக ரத்தினக்கல் கடைக்குத்தான் போகும். பதில் சொல்லாமல் வாசல் வரை நடந்து நீங்களே பாருங்கள்.

பக்கத்திலேயே வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். அவர் பாதத்தில் முத்துச்சிப்பியால் பதித்த 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அந்தக் கூடம் முழுக்க எப்போதும் டிங் டிங் என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். வெளியே வந்து தா தியன் துறையில் சில பாட் கொடுத்து ஆற்றைக் கடந்தால் வாட் அருண். தூரத்திலிருந்து கல் சிற்பம் போலத் தெரியும் கோபுரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: அத்தனை பூவும் இதழும் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகள்.

தமிழர்கள் தவறவிடக் கூடாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சிலோமில் இருக்கும் மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று மாலையும் தட்டுமாக வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும்போது தெருவே அடைத்துக்கொள்ளும். இன்னொன்று பழைய நகரத்தில் செந்நிறத் தூண்களாக நிற்கும் பெரிய ஊஞ்சல். அதன் பக்கத்தில் தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில், 1784இல் கட்டியது. மார்கழி, தை வாக்கில் அங்கே திரியம்பாவை என்ற சடங்கு நடக்கும். மாணிக்கவாசகரின் திருவெம்பாவைப் பாடல்கள் வழிவழியாக அந்தச் சடங்கில் ஓதப்பட்டு வருகின்றன. ஊஞ்சலாட்டம் 1935லேயே நின்றுவிட்டது, சடங்கு நிற்கவில்லை. அந்தத் தெருவில் நிற்கும்போது இது தெரிந்திருந்தால் ஊஞ்சல் வேறு மாதிரித் தெரியும்.

ஒரு நாள் அயுத்தயாவுக்கு. 1351 முதல் 1767 வரை தலைநகராக இருந்த ஊர், சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே. சாதாரண ரயிலில் சில பத்துப் பாட்டுக்குள் போய்வரலாம். சனி, ஞாயிறு பாங்காக்கில் இருந்தால் சாதுசாக் சந்தை. மீதி நேரத்தை ஆற்றுப் படகுக்குக் கொடுங்கள். ஆரஞ்சுக் கொடிப் படகில் மொத்த ஆற்றையும் மிகக் குறைந்த காசில் பார்க்கலாம்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வழிகாட்டியே தேவையில்லை. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறி மட்டும் போட்ட கறியில்கூட மீன் சாறும் சிப்பிச் சாறும் சேர்ப்பார்கள். "கின் ஜே" என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால் எதுவும் இல்லாத, வெங்காயம் பூண்டும் சேர்க்காத உணவுமுறை அது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ஜே கடை. சாதாரணக் கடையில் "மாய் சாய் நாம் ப்லா" என்றால் மீன் சாறு வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். பாங்காக்கில் பாஹுரத் பகுதியிலும் சிலோமிலும் இந்திய உணவகங்கள் உண்டு. தீவுகளில் குறைவு, சாம்பார் இல்லாமல் முடியாதவர்கள் பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போவது நல்லது. அரிசிக்குக் குறைவே இல்லை.

கடலில்

ராய்லேக்குச் சாலை கிடையாது. சுண்ணாம்புக்கல் மலைகள் ஊரை மூன்று பக்கமும் அடைத்து நிற்பதால், ஆவோ நாங் கரையிலிருந்து நீள்வால் படகில்தான் போக வேண்டும். கரையிலிருக்கும் கவுண்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், எட்டுப் பேர் சேர்ந்ததும் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் முழங்கால் அளவு நடந்து ஏற வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. சக்கரப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தடுமாறுகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். தோளில் மாட்டும் பையும், நீர் புகாத சிறு பையில் போனும் பாஸ்போர்ட்டும் இருந்தால் நிம்மதி. அறை போடும்போது மேற்குக் கரையா கிழக்குக் கரையா என்று பாருங்கள். கிழக்குப் பக்கம் நீர் வற்றினால் சேறுதான். குளிப்பதற்கு மேற்குக் கரையும் பிரா நாங் கடற்கரையும்.

ஆரவாரம் போதும் என்று ஆனபிறகு போக வேண்டிய இடம் லந்தா. நீளமான தீவு; மேற்குக் கரை முழுவதும் கடற்கரை. குழந்தைகளோடு போனால் ஆழம் மெல்ல இறங்கும் குலோங் தாவ் கடற்கரை, அமைதி வேண்டுமானால் தெற்கே கந்தியாங். முஸ்லிம்கள் அதிகம் வாழும் தீவு என்பதால் ஹலால் உணவு எளிதாகக் கிடைக்கும். கிழக்கே பழைய ஊரில் கடலுக்குள் தூண் நட்டுக் கட்டிய மரவீடுகள் இருக்கின்றன, ஒரு சாயங்காலம் போய்வாருங்கள்.

பீ பீ தீவின் மாயா விரிகுடாவுக்கு ஒருநாள் படகுப் பயணம் போகலாம். சுற்றுலாக் கூட்டத்தால் பவளம் பாழானதால் 2018இல் மூடி, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது படகு பின்பக்கம்தான் நிற்கும், அந்த விரிகுடாவில் நீந்தக் கூடாது. தேசியப் பூங்காக்களில் பவளத்தைக் கெடுக்கும் சில இரசாயனங்கள் கலந்த வெயில் கிரீமுக்கும் 2021 முதல் தடை. கிரீம் வாங்கும்போது ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் இல்லையா என்று பாருங்கள்.

வளைகுடாப் பக்கம் சுருக்கமாக: சமுயில் சாவெங் கூச்சலான இடம், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு போபுட் நல்லது. பங்ஙானில் பௌர்ணமி விருந்து (ஃபுல் மூன் பார்ட்டி) நாட்களில் அறை விலை ஏறும். அது வேண்டாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். ஸ்கூபா கற்க ஆசையிருந்தால் நேராக தாவ் போங்கள்.

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. அது பெரிய தடையில்லை, ஆனால் உயிர்காப்புச் சட்டை மாட்டாமல் படகிலிருந்து இறங்காதீர்கள். சரியான அளவு கிடைக்கும்வரை கேட்டு வாங்குங்கள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முட்டியளவு தண்ணீரில்கூட இறங்க வேண்டாம். மழைக்கால அலையின் அடியிழுப்பு நன்றாக நீந்துகிறவரையும் கொண்டுபோய்விடும். சமுய், பங்ஙான் கரைகளில் கம்பத்தில் வினிகர் புட்டி கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஜெல்லிமீன் கொட்டினால் அதை ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கடைசி நாள்

பாங்காக் திரும்பும் விமானத்தைக் காலையிலோ மதியத்திலோ வையுங்கள். அறையை பயா தாய் அல்லது மக்கசான் பக்கம் எடுத்தால் விமான நிலைய ரயில் வாசலிலேயே கிடைக்கும். சிப்பி, பவளத் துண்டுகளைப் பெட்டியில் வைக்காதீர்கள். பவளம் எடுத்துப்போவது குற்றம். கடையில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் வரித் திருப்பத்துக்கான படிவத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். வாங்கியதன் மொத்த மதிப்பு 20,000 பாட்டோ அதற்கு மேலோ என்றால், விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும் முன் முதலில் சுங்க மேசைக்குப் போய் அந்தப் படிவத்தில் முத்திரை வாங்கிவிடுங்கள். பணம் உள்ளே போன பிறகு கிடைக்கும். அங்கே வரிசை நீளமாக இருக்கும் என்பதால், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக சுவர்ணபூமியில் இருக்கும்படி கிளம்புங்கள்.